கட்டும் ஒட்டும்: சினாப்ஸின் இணைப்புப் புரதங்களைக் குறித்து

1. வினா

மாங்கன்றுக்கு ஒட்டுக் கட்டும் தோட்டக்காரரின் கைவேலையைச் சற்று நின்று கவனித்தவர்கள், அதில் இரண்டு வெவ்வேறு காரியங்கள் அடங்கியிருப்பதை அறிவார்கள். நாட்டு மாங்கன்றின் தண்டையும் உயர்ந்த சாதி மரத்தின் கிளையையும் ஒரு பக்கமாகச் சீவி, சீவிய முகம் சீவிய முகத்தோடு பொருந்தும்படி வைத்து, நாராலோ துணியாலோ இறுகச் சுற்றுவது ஒன்று. அவ்வாறு சுற்றிய பின் சில வாரங்கள் கழித்து, இரண்டு தண்டுகளின் உயிர்த்திசுக்களும் ஒன்றோடொன்று இசைந்து, சாறு இப்புறமிருந்து அப்புறம் ஏறத் தொடங்குவது மற்றொன்று. முன்னதைக் கட்டு என்கிறோம். பின்னது நிகழ்ந்தால்தான் 'ஒட்டுப் பிடித்தது' என்கிறோம். கட்டாத ஒட்டு பிடிப்பதில்லை. கட்டிய ஒட்டெல்லாம் பிடித்துவிடுவதும் இல்லை.

மூளையின் நரம்பணுக்கள் ஒன்றையொன்று சந்திக்கும் ஸ்தானமாகிய சினாப்ஸைப் பற்றிப் பேசும்போதும் இந்த வேற்றுமையை நினைவில் வைத்துக்கொள்வது நலம். செய்தியை அனுப்பும் நரம்பணுவின் சவ்விலும், அதனை ஏற்கும் நரம்பணுவின் சவ்விலும் வேரூன்றி நின்று, இடையிலுள்ள வெளிக்குக் குறுக்கே நீண்டு ஒன்றையொன்று பற்றிக்கொள்ளும் புரதங்கள் பல உண்டு. 'செல் ஒட்டுப் புரதங்கள்' என்பது அவற்றிற்கு வழங்கும் பொதுப்பெயர். பாடநூல்கள் இப்பெயரைச் சொல்லும்போது தச்சனின் பசையே மனத்தில் தோன்றுகிறது. தோட்டக்காரரின் ஒட்டு தோன்றுவதில்லை. அவை வெறும் பசைதானா, அன்றித் தாம் பற்றிய இரு புறங்களையும் மாற்றும் செய்தியையும் சுமக்கின்றனவா; சினாப்ஸைச் சிருஷ்டிப்பவை அவையே தானா, அன்றி வேறெவையோ சிருஷ்டித்ததை அவை செப்பனிடுகின்றனவா என்பதே இக்கட்டுரை எடுத்துக்கொண்ட வினா. நியூரெக்சின், நியூரோலிஜின் என்னும் ஜோடியையே முக்கிய சாட்சியாக நிறுத்தப் போகிறோம். இத்துறையில் மிக நீண்ட குறுக்கு விசாரணைக்கு உட்பட்ட சாட்சி அதுவே.

2. பழைய புரிதல்

சினாப்ஸ் என்ற சொல்லை ஆங்கிலேய உடலியலறிஞர் சார்ல்ஸ் ஷெரிங்டன் வழங்கத் தொடங்கியது 1897-இல். கிரேக்க மொழியில் அதன் தாது 'இறுகப் பற்றுதல்' என்ற பொருளைத் தருவது. அந்தச் சந்திப்பை எவரும் கண்ணால் கண்டிராத காலத்தில் அப்பெயர் இடப்பட்டது. நரம்பணுக்கள் தனித்தனி உயிர்களா, அன்றி வலைபோல் ஒன்றாய்ப் பின்னியவையா என்ற வழக்கில் எதிரெதிர்க் கட்சியினராயிருந்த ரமோன் இ கஹாலும் கமில்லோ கோல்ஜியும் 1906-இல் நோபல் பரிசைப் பகிர்ந்துகொண்டபோதும், அவ்வழக்கு அனுமானத்தின் பாற்பட்டதாகவே இருந்தது. பிரத்தியட்சம் வாய்த்தது 1950-களின் நடுப்பகுதியில்தான்: மின்னணு நுண்ணோக்கியில் ஜார்ஜ் பலாடே, சான்ஃபோர்டு பேலே, எடுவார்டோ டி ராபர்ட்டிஸ் முதலியோர் நோக்கியபோது, இரண்டு சவ்வுகளுக்கும் நடுவே ஏறத்தாழ 20 நானோமீட்டர் அகலமுள்ள இடைவெளி தெளிவாகத் தெரிந்தது. தலைமயிரின் குறுக்களவை நாலாயிரம் கூறாக்கினால் அதில் ஒரு கூறு ஏறக்குறைய அவ்வளவு இருக்கும்.

ஆயின் அவ்விடைவெளி வெறும் சூனியமாய் இருக்கவில்லை. மங்கலான ஏதோ ஒரு பொருள் அதில் நிறைந்திருந்தது. இரு புறத்துச் சவ்வுகளும் நேருக்கு நேர் தடித்திருந்தன. இதைவிட வலிய சான்று ஒன்றும் சில ஆண்டுகளில் கிடைத்தது. மூளைத் திசுவைக் கண்ணாடிக் குழாயில் இட்டு, அதற்கென அமைந்த உலக்கையால் மென்மையாக அரைத்து, சர்க்கரைக் கரைசலில் சுழற்றிப் பிரித்தால், நரம்பு முனைகள் தண்டிலிருந்து அறுபட்டுச் சிறு பைகளாக மூடிக்கொண்டு மிதக்கின்றன. அப்பைகளை நுண்ணோக்கியில் வைத்துப் பார்த்தவர்கள், எதிர்ப்புறத்து நரம்பணுவின் சவ்வில் ஒரு துண்டும் கிழிந்து, முனையோடு ஒட்டியபடியே வந்திருப்பதைக் கண்டார்கள். உலக்கையின் விசைக்கு நரம்பின் தண்டு அறுகிறது, ஏற்கும் அணுவின் உடல் கிழிகிறது, இடைவெளியின் இரு கரைகள் மட்டும் பிரிவதில்லை. ஷெரிங்டன் இட்ட பெயர் எவ்வளவு பொருத்தமானது என்பதற்கு இதற்கு மேல் விளக்கம் வேண்டுவதில்லை.

பசை இருக்கிறது என்பது இவ்வாறு ஐயமற விளங்கியது. எதனோடு எது ஒட்டவேண்டும் என்பதை நிர்ணயிப்பது யாது என்ற கேள்வி வேறொரு திசையிலிருந்து வந்தது. ரோஜர் ஸ்பெரி 1940-களில் தவளையின் பார்வை நரம்பை அறுத்து, கண்ணையே தலைகீழாகத் திருப்பிப் பொருத்தினார். நரம்பு மீண்டும் வளர்ந்தது; பார்வையும் திரும்பியது; ஆனால் தலைக்கு மேலே ஈயைக் காட்டினால் அத்தவளை கீழே தரையை நோக்கிப் பாய்ந்தது. எத்தனை முறை ஏமாந்தும் அது திருந்தவில்லை. அதாவது, ஒவ்வொரு நரம்பு நாரும் தன் பழைய இருப்பிடத்தைத் தேடிப்போய்ச் சேர்ந்திருந்தது. அனுபவம் அதைத் திருத்தவில்லை. இதனைக் கொண்டு ஸ்பெரி 1963-இல், நரம்பணுக்கள் தத்தம் மேற்பரப்பில் இரசாயன அடையாளங்களைத் தாங்கி நிற்கின்றன என்னும் சித்தாந்தத்தை முறையாக வகுத்தார். நார்களுக்கு வழிகாட்டும் அடையாளங்கள் பிற்காலத்தில் எஃப்ரின் முதலிய புரதங்களாக இனங்காணப்பட்டன. வழி முடிந்து வீடு சேர்ந்த பின் கதவைத் திறப்பது யார் என்பதே எஞ்சிய கேள்வி.

3. சிலந்தி கொடுத்த துப்பு

இக்கேள்விக்கு முதல் துப்பு, எதிர்பாராத விதமாக, ஒரு சிலந்தியின் விஷத்திலிருந்து கிடைத்தது. கருப்பு விதவை என்று வழங்கும் சிலந்தியின் விஷத்திலுள்ள ஆல்ஃபா லாட்ரோடாக்சின் என்னும் புரதம், நரம்பு முனைகளில் சேமித்து வைத்திருக்கும் நரம்புக் கடத்திகளை ஒரேயடியாகக் கொட்டும்படி செய்வது. அது நரம்பு முனையில் எதைப் பற்றிக்கொண்டு இவ்வாறு செய்கிறது என்று தேடிய டாலஸ் நகரத்து ஆய்வாளர்களான யூரி உஷ்கர்யோவ், தாமஸ் சூடாஃப் குழுவினர், 1992-இல் ஒரு புதிய புரதத்தைக் கண்டு அதற்கு நியூரெக்சின் என்று பெயரிட்டார்கள்.

இங்கே ஒரு சிறு விநோதத்தைச் சொல்லாமல் விட மனமில்லை. நியூரெக்சினை நீக்கிய எலியின் நரம்புகளும் அவ்விஷத்திற்கு ஓரளவு இணங்கின. விஷத்திற்கு இன்னொரு பற்றுக்கோடும் இருந்தது. லாட்ரோஃபிலின் என்று பெயர் பெற்ற அது, கால்சியம் இல்லாதபோதும் விஷத்தை ஏற்பது. ஆக, விஷத்தின் கதையை முழுமையாக விளக்குவதற்கு நியூரெக்சின் போதவில்லை. தேடிப்போன பொருளுக்குப் பாதி விடையாகவும், தேடாத பொருளுக்குத் திறவுகோலாகவும் அது அமைந்தது. லாட்ரோஃபிலினை இக்கட்டுரையின் இறுதியில் மீண்டும் சந்திப்போம்.

நியூரெக்சினின் அமைப்பே அது வெறும் விஷத்தின் இலக்காக இருக்க முடியாது என்று அறிவித்தது. பாலூட்டிகளில் அதற்கு மூன்று மரபணுக்கள். ஒவ்வொன்றிலிருந்தும் ஆல்ஃபா என்னும் நெடிய வடிவமும் பீட்டா என்னும் குறுகிய வடிவமும் பிறக்கின்றன. மேலும் மரபணுவின் செய்தியைப் படியெடுத்து வெட்டி ஒட்டும்போது பல இடங்களில் சில துண்டுகளைச் சேர்த்தோ விடுத்தோ எழுத இடமிருப்பதால், வடிவபேதங்கள் ஆயிரத்திற்கும் மேற்படுகின்றன. ஒரே புரதத்துக்கு இத்தனை வேடம் எதற்கு? வெளியே நீண்ட தலையும், சவ்வை ஒருமுறை துளைத்துச் செல்லும் உடலும், உள்ளே குட்டையான வாலும் கொண்ட இது, எதிர்ப்புறத்திலிருந்து யாரையோ எதிர்பார்த்து நிற்பது போலவே காணப்பட்டது. 1995-இல் அந்த 'யாரோ' அகப்பட்டது. பீட்டா நியூரெக்சினைத் தூண்டில் இரையாக வைத்து எலியின் மூளைச் சாற்றை அதன்மேல் ஓட்டியபோது, கால்சியம் உள்ள வேளையில் மட்டும் ஒரு புரதம் அதில் சிக்கியது. நியூரோலிஜின் என்பது அதன் பெயர்.

4. பற்றும் விதம்

இவ்விரண்டும் கைகோக்கும் முறை 2007-இல் படிக ஆய்வுகளால் அணு அணுவாகத் தெரியவந்தது. நியூரோலிஜின்கள் இரண்டிரண்டாகச் சேர்ந்து இரட்டையாய் நிற்பவை; அவ்விரட்டையின் எதிரெதிர் விளிம்புகளில் பக்கத்துக்கு ஒன்றாக இரண்டு நியூரெக்சின் தலைகள் வந்து பொருந்துகின்றன; பொருந்தும் முகத்தில் கால்சியம் அயனி ஒன்று ஆணி அடித்தாற்போல் அமர்கிறது. நியூரோலிஜினின் உருவம் அசிட்டைல்கோலின் எஸ்டரேஸ் என்னும் நொதியின் உருவத்தைப் பெரிதும் ஒத்தது என்பது இதில் மற்றொரு விசேஷம். நரம்பும் தசையும் சந்திக்கும் இடத்தில் கடத்தியைச் சிதைத்துத் துப்புரவு செய்யும் அந்நொதியின் வம்சத்திலே பிறந்தும், வினைபுரியும் மையத்தில் இருக்கவேண்டிய அமினோ அமிலத்தை இது இழந்துவிட்டது. சிதைக்கும் தொழிலை விட்டுவிட்டுப் பற்றும் தொழிலை மேற்கொண்டுவிட்டது என்று சொல்லலாம்.

கேட்ஹெரின் என்னும் புரதங்களோடு இதனை ஒப்பிட்டால் ஒரு முக்கியமான பேதம் புலப்படும். ஜப்பானிய அறிஞர் மஸாதோஷி டாகெய்ச்சி 1980-களில் பெயரிட்ட அப்புரதங்களும் கால்சியத்தின் உதவியோடு பற்றுபவையே. உடலின் பெரும்பாலான திசுக்களைச் சிதறாமல் பிடித்து வைத்திருப்பவை அவையே. சினாப்ஸின் ஓரங்களிலும் அவை உண்டு. ஆனால் ஒரு கேட்ஹெரின் பெரும்பாலும் தன் இனத்துக் கேட்ஹெரினையே பற்றும். இரு கரையிலும் ஒரே புரதம் நிற்குமானால், எக்கரை பேசுவது, எக்கரை கேட்பது என்ற வேற்றுமையை அந்தப் பிடிப்பைக் கொண்டு அறிய வழியில்லை. சினாப்ஸோ ஒருவழிப் பாதை. நியூரெக்சின் பெரும்பாலும் அனுப்பும் புறத்திலும் நியூரோலிஜின் ஏற்கும் புறத்திலும் நிற்பதால், அவற்றின் பிடிப்பிலேயே திசை அடங்கியிருக்கிறது. பசை என்ற உவமை இங்கேதான் முதன்முதலில் விரிசல் விடுகிறது. பசைக்கு இடம் வலம் தெரியாது.

அடுத்த விரிசல் இன்னும் சூட்சுமமானது. நியூரெக்சினில் துண்டு சேர்க்கவும் விடுக்கவும் இயலும் ஸ்தானங்களுள் நான்காவது, பற்றும் முகத்தை ஒட்டியே அமைந்தது. அங்கே 30 அமினோ அமிலங்கள் கொண்ட ஒரு துண்டு சேர்ந்தால் ஒரு குணம், விடுபட்டால் வேறு குணம். துண்டு இல்லாத நியூரெக்சினை எல்ஆர்ஆர்டிஎம் என்னும் புரதங்கள் பற்றும். துண்டு உள்ளதை அவை தீண்டா. துண்டு உள்ளதைச் செரிபெல்லின் என்னும் புரதங்கள் நாடும். துண்டு இல்லாததை அவை பொருட்படுத்தா. நியூரோலிஜினோ இரண்டோடும் கூடும், ஆனால் பிடியின் இறுக்கம் வேறுபடும். தமிழ் இலக்கணத்தில் நிலைமொழியின் ஈற்றெழுத்து ஒன்று மாறினால் வருமொழியோடு புணரும் விதமே மாறிவிடுவதை ஒத்தது இது. 1995-இல் நியூரோலிஜினைக் கண்டவர்கள் அது பீட்டா வடிவத்தோடு மட்டுமே புணரும் என்று கருதினார்கள். நியூரோலிஜினிலும் அத்தகைய சிறு துண்டு ஒன்று சேர்வதும் விடுவதும் உண்டென்றும், அது விடுபட்டபோது ஆல்ஃபா வடிவமும் நன்றாகவே கூடுகிறதென்றும் பத்தாண்டுகள் கழித்துத் தெரிந்தபோது அம்முடிவைத் திருத்த வேண்டியதாயிற்று. எந்த வடிவத்தை எடுத்து ஆராய்ந்தோம் என்பதைச் சொல்லாத முடிவு எதுவும் இத்துறையில் பாதி முடிவே.

5. அன்வயம்

காரணத்தை நிறுவ நம் தருக்க நூலார் இரண்டு வழிகள் வகுத்தார்கள். இது உள்ள இடத்தில் அது உண்டு என்று காட்டுவது அன்வயம். இது இல்லாத இடத்தில் அது இல்லை என்று காட்டுவது வெதிரேகம். அறவண அடிகள் மணிமேகலைக்குத் தருக்கம் உணர்த்தும் பகுதியிலும் இச்சொற்கள் வழங்குகின்றன. சினாப்ஸைச் சிருஷ்டிப்பவை இப்புரதங்களே என்னும் கட்சிக்கு அன்வயச் சான்று மிகப் பிரகாசமானது. வெதிரேகச் சான்றோ நெடுங்காலம் அதனைக் கைவிட்டது. இத்துறையின் வாதப் பிரதிவாதங்கள் பலவும் இவ்விரண்டையும் ஒன்றென மயங்கியதால் விளைந்தவை என்பது என் அபிப்பிராயம்.

அன்வயத்தை முதலில் பார்ப்போம். 2000-ஆம் ஆண்டில் பீட்டர் ஷைஃபலேயும் அவர் குழுவினரும் செய்த பரிசோதனையை அருகில் சென்று நோக்குவது தகும். ஆய்வகங்களில் வழிவழியாக வளர்க்கப்படும் மனிதச் சிறுநீரக உயிரணுக்களை அவர்கள் எடுத்துக்கொண்டார்கள். அவை நரம்பணுக்கள் அல்ல. அவற்றிற்குப் பேச்சும் இல்லை, கேள்வியும் இல்லை. அவற்றுள் நியூரோலிஜினின் மரபணுவைப் புகுத்தி, மூளைத்தண்டின் ஒரு பகுதியிலிருந்து எடுத்த நரம்பணுக்களோடு ஒரே தட்டில் வளரவிட்டார்கள். ஊர்ந்து செல்லும் நரம்பு நார் சாதாரண சிறுநீரக அணுவைத் தொட்டால், கல்லைத் தொட்ட கொடிபோல் சும்மா கடந்து போய்விடும். நியூரோலிஜின் தாங்கிய அணுவைத் தொட்ட இடத்திலோ அது நின்றது. நாரின் உள்ளே கடத்திகளை அடைத்த நுண்பைகள் அவ்விடத்தில் திரண்டன. சாயமிட்டு ஒளியில் பார்த்தபோது அணுவின் விளிம்பைச் சுற்றிப் புள்ளி புள்ளியாக மின்னின. தூண்டினால் அப்பைகள் வெளியேறித் திரும்பவும் நிரம்பின. கேட்பதற்குக் காதே இல்லாத ஒன்றின் முன்னே நரம்பு பேசத் தயாராகிவிட்டது. கரைசலில் தனியாக மிதக்கும் நியூரெக்சின் துண்டுகளைச் சேர்த்து நியூரோலிஜினின் கைகளை நிரப்பிவிட்டபோது அந்தத் திரட்சி தடைப்பட்டது.

நான்கு ஆண்டுகளில் இதன் மறுபக்கமும் தெரிந்தது. நியூரெக்சினைத் தாங்கிய வேற்று அணுக்களை நரம்பணுவின் கிளையோடு உறவாடவிட்டபோது, ஏற்கும் புறத்துக் கருவிகள் அங்கே திரண்டன; உற்சாகமூட்டும் சினாப்ஸுக்குரியவையும் தடுக்கும் சினாப்ஸுக்குரியவையும் திரண்டன. இரு பரிசோதனைகளையும் சேர்த்துப் படித்தவர்களுக்கு வழக்கு முடிந்துவிட்டது என்றே தோன்றியிருக்கும். 2005-இல், வளர்ப்புத் தட்டில் உள்ள நரம்பணுக்களில் நியூரோலிஜின்களின் உற்பத்தியை அடக்கியபோது சினாப்ஸ்கள் குறைந்தன என்ற செய்தியும் அத்தீர்ப்பை உறுதிப்படுத்துவது போலவே வந்தது.

6. வெதிரேகம்

ஆயின் உயிருள்ள மிருகத்தின் மூளை வேறு விதமாகச் சாட்சி சொல்லிற்று. 2003-இல் ஆல்ஃபா நியூரெக்சின்கள் மூன்றையும் நீக்கிய எலிகளைப் படைத்தார்கள். அவை பிறந்ததும் சுவாசிக்க இயலாமல் மடிந்தன; அவற்றின் மூளையிலோ சினாப்ஸ்கள் பெரும்பாலும் இருந்த இடத்தில் இருந்த உருவத்திலேயே இருந்தன. குறை எண்ணிக்கையில் அன்று, இயக்கத்தில் இருந்தது: நுண்பைகளை வெளியேற்றுவதற்கு வேண்டிய கால்சியம் வழிகள் சரிவரச் செயற்படவில்லை. 2006-இல் நியூரோலிஜின்-1, 2, 3 ஆகிய மூன்றும் நீங்கிய எலிகளின் கதியும் அதுவே. சுவாசத்தை ஆளும் மூளைத்தண்டில் செய்திப் பரிமாற்றம் நலிந்திருந்தது. பிறந்து ஒரு நாள் கழிவதற்குள் அவை இறந்தன. சினாப்ஸ்களின் தொகையோ அநேகமாகக் குறையவில்லை.

அன்வயம் 'ஆம்' என்கிறது. வெதிரேகம் 'இல்லை' என்கிறது. இரண்டையும் சமாதானப்படுத்த மூன்று வழிகள் சொல்லப்பட்டன. முதலாவது, ஈடுசெய்தல்: சின்கேம், எல்ஆர்ஆர்டிஎம், ஸ்லிட்ரிக் என்று துணைப் புரதங்களின் பட்டியல் ஆண்டுதோறும் நீண்டுகொண்டே போவதால், ஒன்று போனால் மற்றொன்று அதன் வேலையைச் செய்யும் என்பது. இது அசம்பவம் அன்று. ஆனால் எந்த முரணையும் இதனால் மூடிவிடலாம் என்பதே இதன் பலவீனம். இரண்டாவது, வேற்று அணுக்களில் கண்டது செயற்கையான காட்சி, அங்கே புரதம் அளவுக்கு மிஞ்சி இருந்தது என்பது. இதில் உண்மை உண்டு. எனினும் திரண்ட நுண்பைகள் பொய்யல்ல.

மூன்றாவதே எனக்கு மிகவும் பயனுடையதாகத் தோன்றுகிறது. பெர்னார்டோ சபாட்டினியின் குழுவினர் 2012-இல், பெருமூளைப் புறணியில் சாதாரண நரம்பணுக்களின் நடுவே அங்கொன்றும் இங்கொன்றுமாகச் சில அணுக்களில் மட்டும் நியூரோலிஜின்-1-ஐக் குறைத்தார்கள். அவ்வணுக்களில் சினாப்ஸ்கள் குறைந்தன. எல்லா அணுக்களிலும் ஒருசேர அதனை நீக்கியபோதோ எண்ணிக்கை மாறவில்லை. ஒரு தெருவிலுள்ள எல்லாக் கடைகளும் விளக்கை அணைத்துவிட்டால் வாடிக்கைக்காரர்கள் இருட்டிலேயே வந்து வாங்கிப் போவார்கள். ஒரு கடை மட்டும் இருண்டிருந்தால் அதற்குத்தான் வியாபாரம் படுக்கும். புரதத்தின் முழு அளவு முக்கியமன்று, அண்டை அயலோடு ஒப்பிட்ட அளவே முக்கியம் என்றால், தட்டில் ஒரு சில அணுக்களில் அடக்கிக் குறைவைக் கண்டவர்களும், உயிருள்ள எலியில் முழுதும் நீக்கிக் குறைவைக் காணாதவர்களும் ஒருங்கே சரியாகச் சொன்னவர்களாகிறார்கள். அதாவது நியூரோலிஜின், சினாப்ஸ் உண்டாகுமா என்ற கேள்விக்கு விடையன்று. யாரிடம் உண்டாகும் என்ற போட்டியில் ஒரு துருப்புச் சீட்டு.

இவ்விடத்தில் மற்றொரு பரிசோதனையையும் நினைவுகூர வேண்டும். நுண்பைகள் சவ்வோடு கலந்து கடத்தியை வெளியிட மன்க்18-1 என்னும் புரதம் இன்றியமையாதது. 2000-இல் அதனை நீக்கிய எலிக்கருவில் மூளை முழுதும் ஊமையாயிருந்தது. அப்படியிருந்தும் மூளையின் அமைப்பு ஒழுங்காக எழும்பியது, சினாப்ஸ்களும் உருவாயின. அதன் பிறகே நரம்பணுக்கள் அழிந்தன. பேசாமலேயே சந்திப்பு கட்டப்படுகிறது, பேசாவிட்டால் நிலைப்பதில்லை. கட்டுவது கடத்திகள் அல்ல என்பது இதனால் உறுதியாவதால், கட்டும் பொறுப்பு ஸ்பரிசத்தின் மேலேயே விழுகிறது. எந்த ஸ்பரிசம் என்பதே நிர்ணயமாக வேண்டியது.

7. சிறுமூளை தரும் விலக்கு

மேற்சொன்னவற்றைக் கொண்டு, ஒட்டுப் புரதங்கள் எங்கும் செப்பனிடுபவையே, சிருஷ்டிப்பவை அல்ல என்று முடிவு கட்டுவோமாயின், சிறுமூளை அம்முடிவை மறுக்கும். அங்கே பர்க்கின்ஜி அணுக்கள் என்னும் பெரிய நரம்பணுக்கள், விசிறிபோல் விரிந்த கிளைகளில் ஆயிரக்கணக்கான முட்கள் தாங்கி நிற்கின்றன. இணை நார்கள் என்னும் மெல்லிய நரம்புகள், மின்கம்பிகளைப்போல் அவ்விசிறிகளைக் குறுக்கே கடந்து செல்லும்போது அம்முட்களில் சினாப்ஸ் அமைக்கின்றன.

இணை நாரின் நியூரெக்சினுக்கும் பர்க்கின்ஜி அணுவின் முள்ளுக்கும் நேரடியான கைகோப்பு இங்கே இல்லை. நடுவில் ஒரு தூதர் உண்டு. இணை நாருக்குரிய நரம்பணு, செரிபெல்லின்-1 என்னும் புரதத்தை இடைவெளியில் சுரந்துவிடுகிறது. அது ஒரு கையால் 30 அமினோ அமிலத் துண்டு உள்ள நியூரெக்சினையும், மறு கையால் முள்ளின்மேல் நிற்கும் குளுடி2 என்னும் ஏற்பியையும் பற்றுகிறது. 2010-இல் ஜப்பானிய ஆய்வாளர்கள் இம்மும்மையை நிலைநாட்டினார்கள். குளுடி2-இன் சரித்திரமும் சுவையானது: குளூட்டமேட் ஏற்பிகளின் குடும்பத்தில் பிறந்தும் குளூட்டமேட்டை ஏற்காத காரணத்தால் அநாதை என்றே பலகாலம் அழைக்கப்பட்டது. அதன் தொழில் கடத்தியை ஏற்பதன்று, கையைப் பற்றுவது என்பது பிறகுதான் விளங்கிற்று.

இங்கே வெதிரேகம் ஐயத்துக்கு இடம் வைக்கவில்லை. செரிபெல்லின்-1 இல்லாத எலியில் முட்கள் முளைக்கின்றன, நார்களும் அருகே செல்கின்றன, ஆனால் முட்களிற் பெரும்பகுதி துணையின்றி நிர்வாணமாய் நிற்கின்றன; அந்த எலி கால் பரப்பித் தள்ளாடி நடக்கிறது. வளர்ந்த எலியின் சிறுமூளையில் அப்புரதத்தை ஒரே ஒரு முறை ஊசியால் செலுத்தினால், சில நாட்களில் முட்கள் நார்களோடு சேர்கின்றன, நடையும் திருந்துகிறது. செலுத்திய புரதம் தீர்ந்ததும் பழைய தள்ளாட்டம் திரும்புகிறது. உள்ளபோது உண்டு, இல்லாதபோது இல்லை, திரும்பக் கொடுத்தால் திரும்ப உண்டு. தருக்க நூலாருக்கு இதைவிடத் திருப்தியான ஹேது கிடைப்பது அரிது.

2020-இல் ஜப்பான், ஜெர்மனி, இங்கிலாந்து நாட்டு ஆய்வாளர்கள் சேர்ந்து, செரிபெல்லினின் ஒரு பகுதியையும் வேறொரு ஒட்டுப் புரதத்தின் பகுதியையும் இணைத்து, இயற்கையில் இல்லாத ஓர் இணைப்பியை வார்த்தார்கள். அது ஒரு புறம் நியூரெக்சினையும் மறுபுறம் ஆம்பா வகை ஏற்பியையும் பற்றக்கூடியது. அது தள்ளாடும் எலியின் நடையை மீட்டதோடு, தண்டுவடம் அடிபட்ட எலிகளிலும் பயன் தந்தது. இதைக் கொண்டாடுவதில் தவறில்லை; ஆனால் இதுவும் அன்வயச் சான்றே. வெளியிலிருந்து கொணர்ந்த கயிறு கட்டுகிறது என்பதால், இயற்கையின் கயிறும் அதுவே என்று ஆகாது.

ஒரே நியூரெக்சின், மூளைத்தண்டில் இல்லாவிட்டாலும் சினாப்ஸ் நிற்கிறது. சிறுமூளையில் அதன் பிடி நழுவினால் சினாப்ஸே கலைகிறது. ஆகவே 'சினாப்ஸ்' என்று ஒருமையில் பேசுவதே நம் வினாவிலிருந்த குறை என்று கருதுகிறேன்.

8. செய்தி செல்லும் வழி

பற்றுதல் எவ்வாறு செய்தியாகிறது? ஹார்மோனை ஏற்கும் புரதங்களைப்போல உள்ளே ஒரு நொதியைக் கிளப்பி விடும் ஆற்றல் நியூரெக்சினுக்கோ நியூரோலிஜினுக்கோ இல்லை. அவை செய்வது, வெளியே பற்றுவதால் ஓரிடத்தில் திரண்டு, உள்ளேயுள்ள வால்களால் வேறு புரதங்களை அங்கே கூட்டுவது. நியூரோலிஜின்-1-இன் வாலைப் பிஎஸ்டி-95 என்னும் சாரக்கட்டுப் புரதம் பற்றுகிறது. அதன் வழியே உற்சாகமூட்டும் ஏற்பிகள் நிலைபெறுகின்றன. நியூரோலிஜின்-2-இன் வாலோ கெஃபிரின் என்பதைச் சேர்த்துக்கொண்டு தடுக்கும் ஏற்பிகளுக்கு இடம் தருகிறது. தலைகள் ஒரே சாயலில் இருக்க, வால்கள் வேறு வேறு கூட்டத்தைச் சேர்க்கின்றன.

துண்டு சேர்ந்ததும் விடுபட்டதுமான நியூரெக்சின் வடிவங்கள் செய்தியின் பொருளையே மாற்றுகின்றன என்பது இதனினும் வியப்பானது. மூளையின் ஹிப்போகாம்பஸ் என்னும் பகுதியில், துண்டு சேர்ந்த நியூரெக்சின்-1 எதிர்க்கரையில் என்எம்டிஏ வகை ஏற்பிகளின் வேலையை உயர்த்துகிறது. அதே துண்டு சேர்ந்த நியூரெக்சின்-3 ஆம்பா வகை ஏற்பிகளைக் குறைக்கிறது. இரண்டும் செல்வது ஒரே செரிபெல்லின், ஒரே குளுடி வகை ஏற்பி என்னும் பாதையில்தான். பேசுபவன் தன் வாக்கில் ஒரு துண்டைச் சேர்த்தால் கேட்பவனின் காது கூர்மையாவதும் மந்தமாவதும் பசையின் இலட்சணமன்று.

அறுப்பதும் ஒரு செய்தி. நரம்பு ஓயாது இயங்கும்போது, இடைவெளியில் உள்ள ஒரு வெட்டும் நொதி நியூரோலிஜின்-1-இன் தலையைக் கொய்துவிடுகிறது. உடனே எதிர்க்கரையில் நியூரெக்சினின் பிடி தளர்ந்து, கடத்தி வெளிவரும் சாத்தியம் குறைகிறது. கேட்பவர் பேசுபவரின் கையை விட்டுவிட்டு அவர் குரலைத் தாழ்த்தும் உபாயம் இது.

ஒரே சடுதிமாற்றத்தின் கதையையும் இங்கே சேர்த்துச் சொல்ல வேண்டும். 2003-இல் பாரிஸ் ஆய்வாளர்கள், ஆட்டிசம் கண்ட ஸ்வீடன் நாட்டுச் சகோதரர்களிடம் நியூரோலிஜின் மரபணுக்களில் மாற்றங்களைக் கண்டார்கள். அவற்றுள் ஒன்று, நியூரோலிஜின்-3-இல் 451-ஆம் ஸ்தானத்தில் ஆர்ஜினைனுக்குப் பதில் சிஸ்டீன் அமைந்தது. அதே மாற்றத்தை எலியில் புகுத்தியபோது, புரதத்தின் பெரும்பகுதி சவ்வை அடையாமலே அழிந்தது. ஆனாலும் புறணியில் தடுக்கும் செய்தி வலுத்தது. ஹிப்போகாம்பஸிலோ உற்சாகச் செய்தி வலுத்தது. புரதத்தை முற்றிலும் நீக்கிய எலியில் அவ்வாறு நிகழவில்லை. எனவே இதனைப் பசை தளர்ந்தது என்று சொல்லி முடித்துவிட இயலாது. ஆட்டிசம் உள்ளோரில் மிகச் சிலரிடமே இத்தகைய மாற்றம் உண்டென்பதையும் மறக்கலாகாது. நோயின் காரணம் கிடைத்துவிட்டதாக வந்த உற்சாகமான எழுத்துகள் இந்த அளவை மறந்தவை.

9. இரண்டு கைகள்

சிலந்தியின் விஷத்துக்கு மற்றொரு பற்றுக்கோடாய் அமைந்த லாட்ரோஃபிலினுக்குத் திரும்புவோம். அது ஏற்கும் புறத்திலும் நிற்பது. நியூரெக்சினைப் போலன்றி, உள்ளே செய்தி கிளப்பும் ஆற்றல் உடைய ஏற்பிகளின் பெருங்குடும்பத்தைச் சேர்ந்தது. எதிர்க்கரையிலிருந்து டெனியூரின் என்னும் புரதமும் எஃப்எல்ஆர்டி என்னும் புரதமும் அதனை வெவ்வேறு இடங்களில் பற்றுகின்றன. லாட்ரோஃபிலின்-3-ஐ நீக்கினால் ஹிப்போகாம்பஸில் ஒரு குறிப்பிட்ட வகை நார்கள் அமைக்கும் சினாப்ஸ்கள் குறைகின்றன. மற்ற நார்களின் சினாப்ஸ்கள் அவ்வாறு குறைவதில்லை. ஸ்பெரி தேடிய தேர்வு இதில் ஓரளவு கண்ணுக்குத் தெரிகிறது.

2019-இல் சூடாஃபின் ஆய்வகத்தார், இவ்விரு பிடிகளுள் ஒன்றை மட்டும் இழக்கும்படி லாட்ரோஃபிலின்-3-இல் நுணுக்கமான மாற்றங்கள் செய்து, அப்புரதம் நீங்கிய நரம்பணுக்களில் அவற்றை மீண்டும் வைத்துப் பார்த்தார்கள். டெனியூரினை மட்டும் பற்ற வல்லதும், எஃப்எல்ஆர்டியை மட்டும் பற்ற வல்லதும் சவ்வில் போய் நின்றன. எஞ்சிய ஒரு கையால் எதிர்க்கரையைப் பற்றவும் அவற்றிற்கு வலிமை இருந்தது. இழந்த சினாப்ஸ்களை அவை இரண்டில் எதுவும் மீட்கவில்லை. இரு கைகளும் ஒருங்கே நிறைந்த லாட்ரோஃபிலின் மட்டுமே மீட்டது.